வீடுமில்லை, ஆபீசுமில்லை

பாளையங்கோட்டையில் அறிவாளிகளுக்குக் குறைவில்லை. தெருவுக்கு ஒரு பள்ளிக்கூடம், திரும்பினால் ஒரு கல்லூரி. அந்தப் பெருமையெல்லாம் அப்படியே இருக்கட்டும். இந்தக் கதை மீதி நாலு பேரைப் பற்றியது.

நாலு பேருக்கும் ஒரே வேலை. லேப்டாப்பில் சாலைப் படங்கள் வரும். அதில் எது மாடு, எது மனுஷன், எது மின்கம்பம் என்று சுற்றிக் கோடு போட்டுப் பெயர் எழுத வேண்டும். இந்தப் படங்களைப் பார்த்துப் பழகித்தான் எங்கோ வெளிநாட்டில் டிரைவர் இல்லாத கார்கள் ஓடப்போகின்றனவாம். இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து ரோட்டைக் கடக்கும்போது நான் குழந்தையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறேன்.

நால்வரில் மூத்தவன் ஆவுடையப்பன். யோசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வான். திறந்தால் யோசனை போயிருக்கும். அடுத்தவன் பேச்சிமுத்து. எதைக் கேட்டாலும் அவனிடம் ஒரு காரணம் இருக்கும். மூன்றாமவன் செல்வின், அவனிடம் எப்போதும் பசி இருக்கும். நாலாவது பூரணி. யார் எதைச் சொன்னாலும் நோட்டில் எழுதிக்கொள்வாள், எழுதியதை எழுத்துப் பிசகாமல் செய்வாள். நால்வரிலும் ஆபத்தானவள் அவள்தான்.

இவர்கள் ஆபீஸ் ஒரு ஜவுளிக்கடை மாடியில் இருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை போய்ப் பார்த்தால் மாடியைக் காணோம். இடித்துவிட்டார்கள். மூன்று வாரமாகச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. நால்வரும் தினமும் அதைப் படித்துவிட்டுத்தான் மேலே ஏறினார்கள்.

படிக்கட்டு மட்டும் மிச்சம் இருந்தது. கடைசிப் படிவரை ஏறி, அதற்கு மேல் ஆகாயம் இருக்கக் கண்டு, இறங்கி வந்து மதுரையிலிருந்து இவர்களுக்கு வேலை அனுப்பும் ரெக்ஸலின் மேடத்துக்கு போன் போட்டார்கள்.

மேடம் சொன்னார்: "ஆபீஸ் போயிடுச்சு, சரி. வீட்லேர்ந்து பண்றேன்னு மட்டும் சொல்லாதீங்க. போன தடவை செல்வின் வீட்டுக் கோழியைப் பார்த்துக்கிட்டே ரோட்ல இருந்த பஸ்ஸுக்குக் கோழின்னு பேர் போட்டான். அதனால வீடும் இல்லாம, ஆபீசும் இல்லாம, மூணாவதா நல்ல இடம் ஒண்ணு பாருங்க. பிளக் பாயிண்ட் இருக்கணும். ஸ்கிரீன் யார் கண்ணுலயும் படாம, முதுகுக்குப் பின்னால சுவர் இருக்கணும். ஓசில உக்காராதீங்க, மணிக்கு ஒரு தடவை ஏதாவது ஆர்டர் பண்ணுங்க."

பூரணி எழுதிக்கொண்டாள். 'வீடும் இல்லாம, ஆபீசும் இல்லாம' என்பதன் கீழே இரண்டு கோடு போட்டாள்.

மற்ற மூவருக்கும் இது வேலைப் பிரச்சினை. ஆவுடையப்பனுக்கு வாழ்க்கைப் பிரச்சினை.

ஆறு வருஷமாக அவனுக்குப் பெண் பார்க்கிறார்கள். பதினெட்டு இடம் தட்டிப்போய், பத்தொன்பதாவதாக அம்பாசமுத்திரத்தில் வடிவு என்றொரு பெண் அமைந்திருந்தாள். தட்டில் கேசரி வைத்து "இன்னும் கொஞ்சம் வைக்கவா?" என்று கேட்டாள். அவனிடம் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அன்றிலிருந்து கண்ணை மூடினால் யோசனைக்குப் பதில் வடிவுதான் வந்தாள்.

வடிவின் அப்பா சிவனணைஞ்சபெருமாள், சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். அளந்து பார்க்காமல் எதையும் நம்பமாட்டார். "மாப்ள வேல பாக்குற எடத்த வெள்ளிக்கெழம பதினோரு மணிக்கு வந்து கண்ணால பாப்பேன். சரியா இருந்துச்சுன்னா அன்னைக்கே பேசி முடிச்சிருவோம். இல்லன்னா எங்க லிஸ்ட்ல இருவதாம் நம்பர் ஜாதகக்காரன் காத்துக்கிட்டு நிக்கான்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

"நாலு நாள்தான் இருக்கு," என்றான் ஆவுடையப்பன்.

"அதுக்குள்ள எடம் கெடச்சிரும் அண்ணே," என்றான் பேச்சிமுத்து. "ஊர்ல பூராம் எடந்தான இருக்கு!"

முதலில் ஒரு பேக்கரிக்குப் போனார்கள். பிளக் இருந்தது. சுவர் இருந்தது. ஒரே சுவர்தான், அதிலும் ஓர் ஆள் அகலத்துக்குத்தான் இடம். ஆகவே ஆவுடையப்பன் சுவரில் சாய்ந்தான், மற்றவர்கள் அவன் மடியில் ஒருவர்மேல் ஒருவராக உட்காரலாமா என்று கொஞ்ச நேரம் ஆலோசித்து, பூரணியை முன்னிட்டு அந்த யோசனையைக் கைவிட்டார்கள். கல்லாவில் இருந்த அண்ணாச்சியே பார்த்துப் பொறுக்காமல் மேசையைத் திருப்பிப் போட்டுக் கொடுத்தார்.

பதினொன்று அடித்ததும் நால்வரும் எழுந்து நின்று, கான்வென்ட் பிள்ளைகள் குட்மார்னிங் சொல்வதுபோல ஒரே குரலில் "நாலு டீ!" என்றார்கள். பன்னிரண்டுக்கும் அதேபோல் எழுந்தார்கள். மற்ற வாடிக்கையாளர்களில் இரண்டு பேர் தேசிய கீதம் என்று நினைத்துக் கூடவே எழுந்தார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. பன்னிரண்டேகாலுக்குப் பேச்சிமுத்துவுக்குச் சந்தேகம் வந்தது.

"அண்ணே, நாம இங்கன என்ன செய்யுதோம்?"

"சோலி பாக்கோம்."

"நாலு பேரு சேந்து லேப்டாப்ப வச்சு சோலி பாக்குற எடத்துக்கு என்ன பேரு?"

ஆவுடையப்பன் கண்ணை மூடினான். "ஆபீஸ்."

"மேடம் ஆபீஸ் வேண்டாம்னுல்லா சொன்னாங்க?"

நாலு லேப்டாப்பும் ஒரே சமயத்தில் மூடின. பூரணி நோட்டைப் புரட்டினாள். "ஆமா. 'ஆபீசும் இல்லாம'. ரெண்டு கோடு போட்டிருக்கேன்."

"நாம வரும்போது நல்ல பேக்கரியாத்தான் இருந்துச்சு," என்றான் செல்வின். "நாமதான் உக்காந்து ஆபீஸ் ஆக்கிட்டோம்."

கல்லாவுக்குப் போய் ஆவுடையப்பன் கையெடுத்துக் கும்பிட்டான். "அண்ணாச்சி, தெரியாம உங்க கடைய ஆபீஸ் ஆக்கிட்டோம். மன்னிச்சிருங்க."

அண்ணாச்சி பதறிப்போனார். "ஏ, இதுக்கு வேற லைசென்ஸ் எடுக்கணுமால? எந்திரிங்க, எந்திரிங்க!" அவர்கள் வெளியே போனதும் மேசையில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை நூலகம். 'அமைதி காக்கவும்' என்று பலகை இருந்தது. காத்தார்கள். ரெக்ஸலின் மேடம் போனில் அழைத்தபோது, பேசக் கூடாதே என்று பூரணி ஒரு தாளில் 'நாங்கள் நூலகத்தில் இருக்கிறோம்' என்று பெரிதாக எழுதி போனுக்கு நேரே பிடித்தாள். அது வீடியோ இல்லை, வெறும் போன். "ஹலோ? ஹலோ?" என்று மேடம் கத்தக் கத்த, காதில் விழவில்லை போலிருக்கிறது என்று எழுத்தை இன்னும் பெரிதாக்கினாள்.

ஒரு மணி நேரம் ஆனதும் ஆர்டர் பண்ண வேண்டிய கடமை வந்தது. செல்வின் நூலகர் அம்மாவிடம் போய் ரகசியக் குரலில் கேட்டான்: "இங்கன என்னல்லாம் இருக்கு?"

"பொஸ்தகந்தான் இருக்கு."

"சரி, நாலு பொஸ்தகம். சூடா இருந்தாக் குடுங்க."

அந்த அம்மாள் அன்றைக்குத்தான் வந்திறங்கிய கட்டைப் பிரித்து நாலு எடுத்துக் கொடுத்தார். செல்வின் ஒன்றை முகர்ந்து பார்த்து, ஒரு பக்கத்தின் ஓரத்தைக் கொஞ்சம் கடித்தான். நூலகத்தைவிட்டு அவர்கள் வெளியேறியதற்கு ஆபீஸ் ஆகிவிட்டது மட்டும் காரணமில்லை.

புதன்கிழமை ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் காத்திருக்கும் கூடம். ஏசி, பிளக், நீளச் சுவர், வரிசையாக நாற்காலி. நாலு சுவரும் வெள்ளை வெளேரென்று இருக்க, ஆவுடையப்பனுக்கு வடிவையே பார்த்த சந்தோஷம். ஆனால் ஆர்டர் பண்ண அங்கே டாக்டரைத் தவிர ஒன்றுமில்லை. பூரணி மணிக்கொரு டோக்கன் எடுத்தாள், செல்வின் மணிக்கொரு தடவை டாக்டரிடம் போனான்.

மூன்றாம் தடவை டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "தம்பி, உனக்கு ஒண்ணுமே இல்ல. போய்ச் சாப்பிட்டுத் தூங்கு, எல்லாம் சரியாப் போகும்."

டாக்டர் சொன்னால் கேட்க வேண்டாமா? செல்வின் டிபன் பாக்ஸைத் திறந்து புளிசாதம் சாப்பிட்டான். செருப்பைக் கழற்றினான். சட்டையைக் கழற்றி மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு, நாலு நாற்காலியில் நீட்டிப் படுத்துக் குறட்டை விட்டான்.

பேச்சிமுத்து அவனை ரொம்ப நேரம் பார்த்தான். "அண்ணே, சாப்பிடுதான். சட்டையில்லாமக் கெடந்து ஒறங்குதான். இது எங்கன நடக்கும்?"

"வீட்ல."

"அப்ப இது?"

"வீடு," என்றான் ஆவுடையப்பன். தலையில் கையை வைத்துக்கொண்டான். "ஏல செல்வினு, எந்திரில! பேக்கரிய ஆபீஸ் ஆக்குனோம், பொறுத்துக்கிட்டேன். ஆஸ்பத்திரிய நீ ஒத்த ஆளா வீடாக்கிட்டியேல!"

வியாழக்கிழமை நால்வரும் மண்டையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து வாதம் செய்தார்கள். சோலி பார்த்தால் ஆபீஸ். தூங்கினால் வீடு. சோலியும் பார்க்காமல் தூங்கவும் செய்யாமல் இருந்தால் மூன்றாவது இடம்தான், ஆனால் மேடம் ஒப்புக்கொள்வாரா?

"எத்தன நிமிசம் சோலி பாத்தா ஆபீஸ் ஆவும்?" என்று கேட்டாள் பூரணி, பேனாவைத் திறந்தபடி.

"அது எடத்தப் பொறுத்தது," என்றான் பேச்சிமுத்து. "பேக்கரி ரெண்டு மணி நேரம் தாங்குச்சு. சின்னக் கடைன்னா சீக்கிரம் ஆயிரும்."

"நாளைக்கு அவரு வருவாரு," என்றான் ஆவுடையப்பன். "நான் எங்கனன்னு காட்டுவேன்? இந்நேரம் இருவதாம் நம்பர்க்காரன் கேசரி தின்னுக்கிட்டு இருப்பான்."

மற்ற மூவருக்கும் கண் கலங்கியது. செல்வினுக்குக் கேசரி என்ற சொல்லிலேயே கலங்கிவிட்டது.

அப்போதுதான் எதிர்த்தாற்போல் மேளச் சத்தம் கேட்டது. கல்யாண மண்டபம். வாசலில் வாழைமரம், பூ வளைவு, அதில் மாப்பிள்ளை பெண் பெயர்கள். உள்ளே போகிற யாரையும் யாரும் எதுவும் கேட்கவில்லை. பெண் வீட்டார் இவர்களை மாப்பிள்ளை வீடு என்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீடு என்பார்கள். பேச்சிமுத்து எழுந்து நின்றான்.

"அண்ணே, அது வீடா?"

"இல்ல."

"ஆபீஸா?"

"இல்ல. ஆனா நாம போயி உக்காந்தா ஆயிருமே."

"ஆகாது! வாசல்ல பேரப் பாருங்க. இன்னைக்கு அது மாரிச்செல்வம்-பவானி மண்டபம். நாளைக்கு வேற ரெண்டு பேரு. அது ஆபீஸ் ஆகுததுக்குள்ள மண்டபமே மாறிருது!"

மூவரும் அவனை அண்ணாந்து பார்த்தார்கள். ஆவுடையப்பன் அப்போதே சிவனணைஞ்சபெருமாளுக்கு முகவரியை அனுப்பினான்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு நால்வரும் மண்டபத்தில் இருந்தார்கள். வளைவில் 'சண்முகவேல் – இந்திரா' என்று பெயர் மாறியிருந்ததை பூரணி சரிபார்த்துக்கொண்டாள். வாசலில் பன்னீர் தெளித்தார்கள். சந்தனம் கொடுத்தார்கள். மணிக்கு ஒரு தடவை ஆர்டர் என்ற விதியை அங்கே பந்தி பார்த்துக்கொண்டது. எட்டு மணிப் பந்தி, ஒன்பது மணிப் பந்தி, பத்து மணிப் பந்தி என்று செல்வின் ஒன்றையும் விடவில்லை. மூன்றாம் பந்தியில் பரிமாறுகிறவர், இவர்தான் சமையல் கான்டிராக்டர் போலிருக்கிறது என்று நினைத்து, உப்பு சரியாக இருக்கிறதா என்று பணிவாகக் கேட்டார்.

தாலி கட்டி முடிந்தது. ஆவுடையப்பனின் லேப்டாப்பில் சார்ஜ் நாலு சதவீதம். மண்டபம் முழுக்கத் தேடியும் ஒரே ஒரு பிளக்தான் காலியாக இருந்தது. மேடையில், சிம்மாசனம் மாதிரி சிவப்பு வெல்வெட் போட்ட இரட்டை நாற்காலிக்குப் பின்னால். மேடை விளக்குக்கான பிளக். முதுகுக்குச் சுவரும் இருந்தது. சுவர் முழுக்கப் பூ. ஒரு நாற்காலியில் கல்யாணப் பெண் களைத்துப்போய் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வேட்டி மாற்றப் போயிருந்தான். மற்ற நாற்காலி காலி.

ஆவுடையப்பன் போய் உட்கார்ந்து, ஒயரைச் சொருகி, மாட்டைச் சுற்றிக் கோடு போட ஆரம்பித்தான்.

பெண் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க அவங்க பெரியப்பா மவனா?"

"இல்ல மேடம். வெறும் சார்ஜ்தான். பத்து நிமிசம்."

வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக மேடையேறி அவன் கையைக் குலுக்கினார்கள். "நூறு வருசம் நல்லா இருக்கணும்" என்றார்கள். அவன் ஒரு கையால் கோடு போட்டபடி மறு கையால் சுவர்க் கடிகாரங்களை வாங்கி அடுக்கினான். போட்டோக்காரர் மட்டும் "சார், லேப்டாப்பக் கொஞ்சம் எறக்குங்க, முகம் தெரியல" என்று சலித்துக்கொண்டார்.

சரியாகப் பதினோரு மணிக்கு, கையில் டேப்போடு சிவனணைஞ்சபெருமாள் வந்து சேர்ந்தார்.

வாசலில் அவருக்கும் பன்னீர் தெளித்தார்கள். கல்கண்டு கொடுத்தார்கள். ஒருவர் கையைப் பிடித்து இழுத்துப்போய்ச் சாப்பிட உட்கார்த்தினார். சாப்பிட்டு முடித்து வந்து, டேப்பின் ஒரு நுனியை நாதஸ்வரக்காரர் காலடியில் வைத்து மண்டபத்தை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளந்தார். பிறகு மேடையேறினார்.

"மாப்ளே," என்றார் அவர்.

ஆவுடையப்பன் எழுந்திருக்கப் பார்த்தான், ஒயர் விடவில்லை. "வாங்க மாமா."

"அறுவதுக்கு நாப்பது," என்றார் சிவனணைஞ்சபெருமாள். "முன்னூறு பேரு இருக்காங்க, ஒருத்தங்கூட லீவு போடல. எல்லாரும் பட்டு கட்டி வந்திருக்காங்க. வாசல்லயே பன்னீர் தெளிக்காங்க. முப்பத்தஞ்சு வருசம் சர்வே ஆபீஸ்ல இருந்தேன் மாப்ளே, தண்ணி வேணும்னா வீட்ல இருந்து கொண்டு போவணும்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். "ஆமா, இந்தப் புள்ள யாரு?"

"தெரியல மாமா. நான் வரும்போதே உக்காந்திருந்தாங்க. சீனியரா இருக்கும்."

அந்த நேரம் பார்த்து உண்மையான மாப்பிள்ளை சண்முகவேல் புது வேட்டியோடு திரும்பி வந்தான். தன் நாற்காலியில் இன்னொருவன் உட்கார்ந்து, தன் கல்யாணக் கடிகாரங்களை வாங்கிக்கொண்டிருப்பதைக் கண்டு திகைத்தான். இடம் புதுசு, மாமியார் வீட்டார் புதுசு, என்ன முறையோ என்னவோ என்று பயந்து, "அண்ணே... அது என் சேரு" என்று மெதுவாகச் சொன்னான்.

"ஒரே ஒரு மாடு பாக்கி தம்பி. முடிச்சிட்டுத் தாரேன்."

"சரிண்ணே," என்று சண்முகவேல் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றான்.

சிவனணைஞ்சபெருமாள் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "இவரு யாரு?"

"மாலையப் பாத்தா இன்னைக்குத்தான் சேந்திருக்காருன்னு நெனைக்கேன் மாமா. புது ஆளு."

"உமக்குக் கீழயும் ஆளு நிக்காங்களா!" பெரியவருக்கு மேனி சிலிர்த்தது. "உம்ம மேடத்துகிட்ட ஒரு வார்த்த பேசணுமே."

லேப்டாப்பில் ரெக்ஸலின் மேடத்தை அழைத்தார்கள். அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பூச்சுவர், ஒரு பெரியவர், ஒரு டேப். கேட்டதெல்லாம் மேளம்.

"அம்மா, எடம் ரொம்ப விசேசமா இருக்கு," என்று கத்தினார் பெரியவர். "இதுதான் இவங்க ஆபீஸ்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா எனக்கு நிம்மதி!"

நாலு நாளாக பேக்கரி, நூலகம், ஆஸ்பத்திரி என்று கேட்டுக் கேட்டு மேடம் ஓய்ந்து போயிருந்தார். "அதையே ஆபீஸ்னு வச்சுக்கோங்க! இனிமே அதுதான் ஆபீஸ். மாறவே வேண்டாம். என்னை விட்ருங்க!" என்று துண்டித்துவிட்டார்.

பூரணி எழுதிக்கொண்டாள்: 'இனிமே அதுதான் ஆபீஸ்.' கீழே இரண்டு கோடு.

அன்றைக்கே பேசி முடித்தார்கள். ஆவணியில் முகூர்த்தம். சிவனணைஞ்சபெருமாள் ஊரில் இருந்த பதினோரு மண்டபங்களை அளந்து பார்த்து, கடைசியில் அதே மண்டபத்தைத்தான் பிடித்தார். அறுபதுக்கு நாற்பது வேறெங்கும் அமையவில்லை.

கல்யாணத்தன்று ஊர்வலம் மண்டப வாசலுக்கு வந்தது. வளைவில் 'ஆவுடையப்பன் – வடிவு' என்று பூவால் எழுதியிருந்தது. ஆரத்தி எடுத்தார்கள். மாப்பிள்ளை வாசற்படிக்கு வெளியே நின்றான், நகரவில்லை.

"என்ன மாப்ளே, முகூர்த்தத்துக்கு நேரமாச்சு. உள்ள வாங்க."

"எப்படி மாமா வருவேன்? இன்னைக்கு நான் லீவு."

"லீவுதான, அதுக்கென்ன?"

"லீவு போட்டுட்டு ஆபீஸ்ல கால வச்சா, லீவு கட்டாயிரும்லா?"

பூரணி நோட்டைத் திறந்து காட்டினாள். சிவனணைஞ்சபெருமாள் படித்தார். அவர் முப்பத்தைந்து வருஷம் அரசாங்கத்தில் இருந்தவர். லீவு விஷயத்தில் மாப்பிள்ளை பக்கம் நியாயம் இருப்பது அவருக்கு உடனே தெரிந்தது.

"பொண்ணக் கூட்டிக்கிட்டு நாம வெளிய வந்திருவோமே," என்றாள் அவர் மனைவி.

"தாலி ஏறுததுக்கு முன்னால பொண்ண ரோட்டுக்குக் கொண்டாரதா? நல்லாருக்கே கத!" என்றவர் டேப்பை எடுத்தார். ஆபீஸ் எங்கே முடிகிறது, ரோடு எங்கே ஆரம்பிக்கிறது என்று மூன்று தடவை அளந்து, வாசற்படியில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். மணவறையைத் தூக்கி வந்து சரியாகக் கோட்டின்மேல் வைத்தார்கள். வடிவு கோட்டுக்கு உள்ளே உட்கார்ந்தாள். ஆவுடையப்பன் வெளியே, செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்தான். கையை மட்டும் நீட்டித் தாலி கட்டினான். கை மட்டும் உள்ளே போனால் ஆபீஸ் வந்ததில் சேராது என்று பேச்சிமுத்து காரணம் சொல்லியிருந்தான்.

"இனி பொண்ணும் மாப்பிள்ளையும் கையப் பிடிச்சிக்கிட்டு மணவறைய மூணு சுத்து சுத்தி வாங்கோ," என்றார் ஐயர்.

எல்லோரும் கோட்டைப் பார்த்தார்கள். பாதிச் சுற்று ரோட்டில். பாதிச் சுற்று ஆபீசில்.

ஆவுடையப்பன் கண்ணை மூடினான். வாழ்க்கையில் முதல் தடவையாக, திறக்கும்போது யோசனை அங்கேயே இருந்தது.

"ஏல செல்வினு," என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டான். மற்ற மூவருக்கும் லீவு இல்லாததால் அவர்கள் உள்ளே உட்கார்ந்து சோலி பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வெளிப் பாதிய நான் சுத்திருதேன். உள்பாதிய என் சார்பா நீ சுத்திருல. ஆபீஸ் சோலிதான."

செல்வின் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தான். வடிவு அவனை ஒரு பார்வை பார்த்தாள், அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள், கையை நீட்டினாள். ரோட்டில் ஆவுடையப்பன், கோடு வந்ததும் செல்வின், மறுபடி கோடு வந்ததும் ஆவுடையப்பன் என்று முதல் சுற்று நல்லபடியாக முடிந்தது.

இரண்டாவது சுற்றுக்குச் செல்வின் கையை நீட்டியபோது பேச்சிமுத்து எழுந்து நின்று ஆட்சேபித்தான். "எல்லாச் சோலியையும் அவன் ஒருத்தன் தலைலயே போடுதது நியாயமா அண்ணே? நாங்களும் சம்பளம் வாங்குதோம்லா?"

நியாயம்தான் என்று சிவனணைஞ்சபெருமாள் தலையசைத்தார். இரண்டாம் சுற்றில் உள்பாதியைப் பேச்சிமுத்து சுற்றினான். மூன்றாம் சுற்றில் பூரணி சுற்றினாள். சுற்றி முடித்ததும் நோட்டைக் கொண்டுவந்து, யார் எத்தனை சுற்று என்று தேதி போட்டு எழுதி, ஐயரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.